காலாண்டில் கணிதம் 41: மார்ச்சுக்குள் கட் ஆஃப் தேறுமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 90க்கு 41. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள். பக்கத்து டியூஷன் சென்டரில் 'கிராஷ் கோர்ஸ்' சேரச் சொல்கிறார்கள். ஒரு கல்வி ஆலோசகர், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். எட்டாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாள். என்ன செய்வது? - ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பொறியியல் கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. கணிதத்தில் பத்து மதிப்பெண் கூடினால் கட் ஆஃபும் பத்து கூடும். இயற்பியலில் பத்து கூடினால் ஐந்துதான். இரண்டு பேர் ஒரே கட் ஆஃபில் நின்றாலும் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணைத்தான். அதனால் உழைப்பைக் கணிதத்தில் போடுவதே லாபம்.

41 எடுத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பிளஸ் டூ பாடம் புரியாமல் இல்லை. பிளஸ் ஒன் பாடம் கையில் இல்லை. பிளஸ் ஒன்னை ஒப்புக்கு நடத்திவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கத்தை எந்த அதிகாரியும் தட்டிக் கேட்பதில்லை. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை என்றாகிவிட்டது. இனி யார் அந்தப் புத்தகத்தைத் திறக்கப்போகிறார்கள்?

நீங்கள் திறக்க வையுங்கள். முழுவதும் வேண்டாம். பிளஸ் ஒன் 10, 11ஆம் பாடங்கள் முதலில்: வகையிடல் முறைகள், தொகை நுண்கணிதம். தொகையிடல் வராவிட்டால் பிளஸ் டூவில் 9ஆம் பாடமான தொகையிடலின் பயன்பாடுகள், 10ஆம் பாடமான வகைக்கெழுச் சமன்பாடுகள் இரண்டும் அடைபட்டுவிடும். 11ஆம் பாடமான நிகழ்தகவுப் பரவலிலும் அடர்த்திச் சார்பு வரும் கணக்குகள் அத்தனையும் தொகையிடல்தான். பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் ஆகிய மூன்று முறைகளையும் தினமும் 15 கணக்கு வீதம் மூன்று வாரம் போட்டால் மூன்று பாடங்களுக்கு வழி திறக்கும். தனிநிலைக் கணிதத்துக்குப் பிளஸ் ஒன் துணை தேவையில்லை. அதை ஒரு வாரத்தில் முடிக்கலாம். வெக்டருக்கு முன் பிளஸ் ஒன் 8ஆம் பாடத்தில் புள்ளிப் பெருக்கம், குறுக்குப் பெருக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

அணிகள் பாடத்தில் மதிப்பெண் போவது கருத்துப் பிழையால் அல்ல, குறிப் பிழையால். நேர்மாறு அணி காணும்போது −3−(−8) என்பதை 5 என்று எழுதாமல் −11 என்று எழுதுவார்கள். அல்லது இணைக்காரணிகளை எழுதிவிட்டு நிரை நிரல் மாற்ற மறப்பார்கள். சேர்ப்பு அணி எழுதியதும் மூல அணியின் முதல் நிரையைச் சேர்ப்பு அணியின் முதல் நிரலோடு பெருக்கிக் கூட்டச் சொல்லுங்கள். அணிக்கோவையின் மதிப்பு வரவேண்டும். இரண்டாம் நிரலோடு பெருக்கினால் பூஜ்யம் வரவேண்டும். ஒரு நிமிட வேலை, பெரும்பாலான பிழைகள் அங்கேயே சிக்கிவிடும்.

இனி அந்த கிராஷ் கோர்ஸ். இவற்றில் பல, மெல்லக் கற்போருக்கான கையேட்டைத்தான் புது அட்டை போட்டு விற்கின்றன. அது 35 எடுத்துத் தேர்ச்சி பெற உதவும். கட் ஆஃபுக்கு உதவாது. 'இந்த நான்கு பாடம் போதும், ப்ளூபிரிண்ட் எங்களிடம் இருக்கிறது' என்பார்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் அந்த ப்ளூபிரிண்ட் முறையே புதிய பாடத்திட்டத்தோடு கைவிடப்பட்டுவிட்டது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 30ஆவது கேள்வியும் மூன்று மதிப்பெண் பகுதியில் 40ஆவது கேள்வியும் கட்டாயம். எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம். ஒரு மதிப்பெண் கேள்வி இருபதும் அப்படித்தான். பாடத்தை விட்டால் அங்கே அடி விழும்.

7.5 சதவீதம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுத்தாலும் ஆகாது, அங்கே கட்டணமே வாங்காவிட்டாலும் ஆகாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் மகள் அதில் வரமாட்டாள். 'சான்றிதழ் சரிசெய்து தருகிறேன்' என்று யார் சொன்னாலும் அது மோசடி. மாட்டினால் சேர்க்கையே ரத்தாகும்.

கலந்தாய்வு நேரத்திலும் இந்த ஆலோசகர்கள் வருவார்கள். லாகின், கடவுச்சொல், ஓடிபி கேட்பார்கள். கமிஷன் தரும் கல்லூரியை விருப்பப் பட்டியலின் மேலே போட்டுவிடுவார்கள். பட்டியலில் மேலிருந்து முதலில் கிடைக்கும் இடமே ஒதுக்கப்படும் என்பதால், கீழே உள்ள நல்ல கல்லூரி கிடைக்கக்கூடியதாக இருந்தாலும் கைநழுவும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கலந்தாய்வுச் சேவை மையத்தில் இலவசமாக உதவுவார்கள். மகளை உட்கார வைத்து அங்கேயே பதிவு செய்யுங்கள். விருப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் இரண்டு தொகுதியும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய புத்தகக் கடையில் போட்டிருந்தால் பாடநூல் கழகத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.