ஆறு மணி நேரப் பந்தயம்: ஐந்து நிறுத்தமா, ஆறா?

வணக்கம். இருவர் மாறி மாறி ஓட்டும் உங்கள் அணிக்கு, சுற்றுக்கு அரை நொடி வேகமானாலும் பின்பக்கம் வழுக்கும் காரா, நிதானமான காரா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் நிதானமானதையே எடுங்கள். இரண்டு நிமிடச் சுற்று என்றால், எரிபொருள் நிரப்ப நிற்கும் நிறுத்தங்கள் போகச் சுமார் 177 சுற்றுகள் வரும். அரை நொடி ஆதாயம் மொத்தம் 88 நொடிதான். ஒரே ஒரு முறை சுவரில் மோதிப் பழுதுபார்க்க நின்றாலே அது கரைந்துவிடும். அந்த ஆதாயம் டயர் தேய்ந்த பிறகும் நிலைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எரிபொருள் கணக்கே இங்கு முக்கியம். நீங்கள் சொன்னபடி 100 லிட்டர் தொட்டியில் சுற்றுக்கு 3.5 லிட்டர் செலவானால் 28 சுற்றுகளே ஓடும், ஆறு நிறுத்தங்கள் தேவைப்படும். நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து காரை உருளவிட்டுச் செலவை 3.3 லிட்டருக்குக் குறைத்தால், 30 சுற்றுகள் ஓடி ஐந்து நிறுத்தங்களில் முடித்துவிடலாம். ஒரு நிறுத்தத்தைத் தவிர்ப்பதால் 60 நொடி மிஞ்சுமென்றால், சுற்றுக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இழக்கும்வரை இது லாபமே. பந்தயத்துக்கு முன் இருவரும் தனித்தனியே முழுத் தொட்டியுடன் 30 சுற்றுகள் ஓட்டி, இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.