பாட் ரோஸ்ட்டுக்கு எந்தக் கறி? கேள்வி பதில்

பெரிய மாட்டுக்கறித் துண்டை நறுக்காமல், கொஞ்சம் நீர் விட்டு, மூடி போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் பாட் ரோஸ்ட். அதற்கான கறியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: கடையில் எந்தப் பகுதியைக் கேட்பது?

தோள்பட்டை. 'சக்' என்று விற்பார்கள். மாடு நடக்க நடக்க ஓயாமல் உழைக்கும் தசை அது. அதனால்தான் முரடு, அதனால்தான் அவ்வளவு சுவை. துண்டைத் திருப்பிப் பாருங்கள்: சிவப்புக்குள் வெள்ளை நூலிழைகள் ஓடுவது போலக் கொழுப்பு பரவியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தடிமனாக இருந்தால் போதாது. வெந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும், அதையும் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

கேள்வி: ஃபில்லே, அதாவது முதுகெலும்பை ஒட்டிய மென்கறி, இன்னும் மெத்தென்று இருக்குமே?

வேண்டவே வேண்டாம். உழைக்காத தசையில் கரைவதற்கு ஒன்றுமில்லை, வெந்தால் வறண்டு சக்கையாகிவிடும். காசும் போய், கறியும் போய்விடும்.

கேள்வி: அக்கா, இரண்டு மணி நேரம் வைத்தும் ரப்பர் மாதிரி இருந்தது. அதிகமாக வெந்துவிட்டதா?

இல்லை, இன்னும் வேகவில்லை! பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கறியின் உள்சூடு 70 டிகிரி செல்சியஸ் ஆகும்போது இழைகள் இறுகி நீரை விட்டிருக்கும். ஆனால் அவற்றைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் அப்போதுதான் மெல்ல இளக ஆரம்பித்திருக்கும். அது ஜெல்லி போன்ற ஜெலட்டினாக மாறினால்தான் கறி பூப்போல உதிரும். அதற்கு உள்சூடு 90-ஐத் தாண்டி, நேரமும் வேண்டும். 150 டிகிரி ஓவனில் ஒன்றரைக் கிலோ துண்டுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், முள்கரண்டியைக் குத்தித் திருப்புங்கள். எதிர்ப்பே இல்லாமல் திரும்பினால் சரி. இல்லையென்றால் மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். நானும் ஆரம்பத்தில் அவசரப்பட்டு நல்ல கறியை வீணாக்கியவள்தான்.

கேள்வி: முதலில் சிவக்க வறுப்பது சாறு வெளியேறாமல் இருக்கவா?

சாற்றை அது தடுக்காது. மணத்துக்கும் நிறத்துக்கும்தான் வறுக்கிறோம். ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு வறுங்கள், இல்லையென்றால் கறி சிவக்காமல் வெந்துபோகும்.

கேள்வி: நீர் எவ்வளவு?

துண்டின் பாதி உயரம் போதும். முழுக்க மூழ்கினால் சாறு நீர்த்துப்போகும்.

கேள்வி: நெஞ்சுக்கறி, தொடைக்கறி?

நெஞ்சுக்கறி அருமை. உதிராமல் அழகாகத் துண்டு போடலாம். இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். தொடை கொழுப்பு குறைந்தது, எளிதில் வறண்டுவிடும். வேறு கிடைக்காவிட்டால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: குக்கரில் முடியுமா?

முடியும். பெரிய துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும்.

கேள்வி: முதல் நாளே செய்து வைக்கலாமா?

தாராளமாக. சாற்றோடு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். அடியில் சாறு ஜெல்லி போலக் கட்டியிருந்தால், நீங்கள் வாங்கியது சரியான கறி.