தொலைவிலுள்ள போல்டரைத் திறந்தால் எடிட்டர் திணறுகிறதா? கேள்வி பதில்

கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுச் சேர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. சேர்வர் போல்டர்களை எடிட்டரில் திறக்கும்போது வரும் தாமதம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இங்கே ஃபோர்ஜி நல்லாத்தான் இருக்கு. யூடியூப் நிற்காமல் ஓடுது. ஈமாக்ஸ் எடிட்டரில், சேர்வர் கோப்புகளைத் திறக்கும் டிராம்ப் வழியாகப் போல்டர் திறந்தால் மட்டும் பத்து செக்கன் போகுது. லைன் பிழையா?

பதில்: லைனின் வேகம் வேறு, போய்வரும் நேரம் வேறு தம்பி. யூடியூப் ஒரே லொறியில் மூட்டை மூட்டையாக ஏற்றி வருகிறது. டிராம்போ 'இந்தக் கோப்பு இருக்கிறதா', 'எழுத அனுமதி உண்டா' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒருதரம் மல்லாவியில் இருந்து கிளிநொச்சிக்குப் போய்வருவது மாதிரி. சேர்வருக்குப் பிங் அடித்து, ஒருதரம் போய்வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 250 மில்லிசெக்கன் வந்தால், 40 கேள்விக்கு 10 செக்கன்.

அப்புறம், இவ்வளவு கேள்வியையும் கேட்க வைப்பது எது என்று பிடிக்க வேண்டும். டிராம்ப் எவ்வளவு விவரமாகப் பதிவு எழுத வேண்டும் என்று சொல்லும் டிராம்ப்-வெர்போஸ் அளவு வழமையாக 3. அதை 6 ஆக்கி, அதே போல்டரைத் திறந்து, அந்தப் பதிவு விழும் டிராம்பின் டிபக் பஃபரைப் பாருங்கள். அனுப்பிய கட்டளை ஒவ்வொன்றும் நேரத்தோடு வரிசையாக நிற்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது, கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கருவிகளான கிட், சிவிஎஸ், ஆர்சிஎஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தது. சிவிஎஸ்ஸை நான் பாவித்ததே இல்லை! எந்தெந்தக் கருவியைத் தேட வேண்டும் என்று சொல்லும் விசி-ஹாண்டில்ட்-பேக்கெண்ட்ஸ் பட்டியலில் கிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன், தாமதம் நன்றாகக் குறைந்தது. பார்த்து முடிந்ததும் 3க்கே திருப்பி விடுங்கள், அந்தப் பதிவு எழுதுவதற்கும் நேரம் போகும்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: அமைப்புக் கோப்பு எதுவும் இல்லாமல் ஈமாக்ஸைத் திறந்தால் வேகமாக இருக்கு அண்ணா. அப்போ பிழை என்னிடமா?

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். இனி அமைப்புக் கோப்பில் பாதியை நிறுத்தி, மீதியைப் பாதியாக்கி, பிழையான வரிவரை போங்கள். என் சந்தேகம், கீழ்ப்பட்டையில் கிட் கிளையைக் காட்டும் பொதியில். அது கேர்சர் அசையும் போதெல்லாம் சேர்வரிடம் ஓடக்கூடும்.

முல்லைத்தீவிலிருந்து: விஎஸ் கோட் எடிட்டரைச் சேர்வரோடு இணைக்கும் ரிமோட் எஸ்எஸ்எச்சில் சேர்வரே உறைகிறது.

பதில்: அது டிராம்ப் மாதிரி இல்லை. தன் ஒரு பகுதியைச் சேர்வரிலேயே இறக்கி ஓட்டுகிறது. குறைந்தது 1 ஜிபி ரேம் வேண்டும், 2 ஜிபி இருந்தால் நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள் குவியும் நோட்-மொடியூல்ஸ் போல்டரை, கோப்பு மாற்றங்களை விஎஸ் கோட் கவனிக்கும் கண்காணிப்பில் இருந்து விலக்குங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: சேர்வர் போல்டரை லப்டொப்பில் உள்ளது போலக் காட்டும் எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸில் ஏற்றிய கோப்பை விம் எடிட்டரில் எழுதும்போது இடையிடையே நின்று நின்று போகிறது.

பதில்: எழுதுவது தொலையாமல் இருக்க விம் வைக்கும் தற்காலிக ஸ்வொப் கோப்பு, நீங்கள் திறந்த கோப்பின் பக்கத்திலேயே இருக்கும். அதாவது கடல் கடந்து போய் எழுதும். ஸ்வொப் கோப்பின் இடத்தைச் சொல்லும் விம்மின் டிரெக்டரி அமைப்பை உங்கள் லப்டொப்பின் போல்டர் ஒன்றுக்கு மாற்றிவிட்டு எழுதிப் பாருங்கள்.