பழைய ஓவியங்களை வெட்டி ஒட்டி ஒரு டாரட் கார்டு (படத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் சீட்டு) செய்வது எப்படி? அதற்குப் பொருள் சொல்வது எப்படி?

முதலில் எந்தக் கார்டு என்று முடிவு செய்யுங்கள். ஓவியங்களைத் தேடுவதெல்லாம் அப்புறம். பிடித்த ஓவியத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதற்கேற்ற கார்டைத் தேடினால் அழகான படம் கிடைக்கும், கார்டு கிடைக்காது. நான் செய்த 'கோபுரம்' கார்டை வைத்தே சொல்கிறேன்.

டாரட் கட்டில் 'பெரிய கார்டுகள்' (மேஜர் அர்கானா) எனப்படும் 22-இல் இது 16-ஆம் எண். 1909-இல் வந்த ரைடர்-வெயிட் கட்டுக்காக பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம்தான் பலருக்கும் பழக்கம்: மின்னல் தாக்கி உச்சியிலிருந்த மகுடம் பறக்கிறது, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். திடீர்ச் சரிவு, வீம்பு உடைவது என்று பொருள் சொல்வார்கள். ஆக, நமக்கு வேண்டியவை கட்டடம், மின்னல், விழும் ஆள். (எஞ்சியிருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் ஒன்றான, 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் விஸ்கோந்தி-ஸ்ஃபோர்சா கட்டில் இந்தக் கார்டு எஞ்சவே இல்லை. அதனால் 'மூலத்தை மாற்றிவிட்டாய்' என்று யாரும் சண்டைக்கு வர முடியாது!)

கட்டடத்துக்கு பீட்டர் புரூகல் 1563-இல் வரைந்த பாபேல் கோபுரத்தை எடுத்தேன். வானத்தை எட்டக் கட்டத் தொடங்கியதாக பைபிள் சொல்லும் கோபுரம் அது. வியன்னாவில் இருக்கும் ஓவியம். அதை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆர்ச் வளைவுகள் எல்லாம் தரைக்கு நேராக இல்லை. சுற்றி ஏறும் சரிவுப் பாதைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அதனால் கட்டி முடிக்கும் முன்பே கோபுரம் சாய்கிறது. இதை விழவைக்க மின்னல் தேவையே இல்லை! கார்டின் பொருள் இங்கேயே மாறிவிட்டது: வெளியிலிருந்து வந்த இடி என்பது போய், கட்டும்போதே புகுந்த கோணல் என்றாகிவிட்டது.

மின்னல், இத்தாலிய ஓவியர் ஜார்ஜோனேயின் 'புயல்' ஓவியத்திலிருந்து. மேகத்துக்குள் மெல்லிய கோடாக வெட்டும். கீழே இருக்கும் ஆணோ, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணோ அதைப் பார்ப்பதில்லை. விழும் ஆள், ஓவியர் ரூபன்ஸ் வரைந்த, கிரேக்கப் புராணத்து ஃபேத்தன். தந்தையான சூரியனிடம் அடம்பிடித்துத் தேரை வாங்கி, குதிரைகளை அடக்க முடியாமல் திணறி, இடி தாக்கி விழுந்தவன்.

வெட்டி ஒட்டும்போது ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள். நிறம் ஒத்துப்போகாவிட்டாலும் கண் மன்னிக்கும், நிழல் முரண்பட்டால் மன்னிக்காது. கார்டு சுமார் 7 × 12 செ.மீ. தான். புரூகலின் குட்டி மனிதர்கள் அந்த அளவில் வெறும் புள்ளிகளாகிவிடுவார்கள், எனவே கோபுரத்தின் மேல்பாதி போதும். எல்லாவற்றின் மேலும் ஒரே வண்ணப் பூச்சைப் போட்டு ஒட்டுகளை மறைப்பது எனக்குப் பிடிக்காது. ஓர் ஒட்டாவது வெளியே தெரியட்டும். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் போன்றவை பெரிய அளவுப் படங்களை இலவசமாகத் தருகின்றன. ரூபன்ஸின் ஃபேத்தன் வாஷிங்டனில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் எடுத்தால் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

சரி, பொருள். கார்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்புவதில்லை. கேட்பவரைக் கொஞ்சம் யோசிக்கவைக்கும், அவ்வளவுதான். வெட்டி எடுத்த துண்டு தன் பழைய கதையையும் கூடவே கொண்டுவரும், அந்தக் கதையைத்தான் நான் கேள்வியாக மாற்றுகிறேன். வேலையைப் பற்றிக் கேட்கும் ஒருவருக்கு இந்தக் கார்டு வந்தால், 'வேலை போகும்' என்று சொல்ல மாட்டேன். இந்தப் பொறுப்பு தானாக வந்ததா, ஃபேத்தன் மாதிரி நீங்களே கேட்டு வாங்கியதா? எந்த இடத்தில் முதலில் சாயத் தொடங்கியது? மின்னல் வெட்டியபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? இப்படித்தான் கேட்பேன்.

கார்டு தலைகீழாக வந்தால் ஃபேத்தன் மேலே ஏறுவது போலத் தெரியும். வழக்கமாக இதை 'ஆபத்து விலகியது' என்று வாசிப்பவர்கள் உண்டு. என் கார்டில் அப்படி வாசிக்க மாட்டேன். ஏறும்போதும் அவன் கையில் கடிவாளம் இல்லை.