ரின் மீனில் தொடங்குங்கள்

அன்பின் ரீச்சர்,

நான் திருகோணமலைச் சாம்பல்தீவில் வீட்டு முற்றத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். தரம் 3 முதல் 5 வரை பதினொரு பிள்ளைகள், அநேகமாகக் கடற்றொழில் குடும்பங்கள். ஆங்கிலப் பாடநூலை மளமளவென்று ஒப்புவிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்துக் கேட்டால் முழிக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்து அதைத்தான் வாசிக்கிறார்கள் என்பது பிறகே தெரிந்தது. அழிக்கச் சொன்னால் அழுகிறார்கள். ஏ, பீ, சீ பிழையில்லாமல் சொல்லும் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை? பெற்றோரோ தினமும் பத்துச் சொல் பாடமாக்கக் கொடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்பின் மகளுக்கு,

பத்துச் சொல் பாடமாக்கக் கொடுக்கும் வேலையை நான் பன்னிரண்டு வருடம் செய்தேன். திங்கள் கொடுத்துச் செவ்வாய் கேட்பேன், எல்லாம் சரியாக வரும். வெள்ளிக்கிழமை அவற்றையே கலைத்துக் கேட்டால் பாதி போயிருக்கும். பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்று ஏசியிருக்கிறேன். பிழை என்னுடையது. அந்த முகங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஏ, பீ, சீ என்பவை எழுத்துகளின் பெயர்கள். தமிழில் எழுத்தின் பெயரும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றுதான். க, த, வு என்று சொல்லிக்கொண்டே போனால் கதவு வந்துவிடும். சீ, ஏ, ரீ (c, a, t) என்று எத்தனை தரம் சொன்னாலும் பூனை வராது. பெயர்களைக் கொஞ்சக் காலம் ஒதுக்கிவையுங்கள், ஓசையைக் கொடுங்கள்.

அதற்கு வேண்டியது நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ப் என்ற மெய்யோடு இ சேர்ந்தால் பி என்று தமிழில் படித்தவர்கள் அவர்கள். 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய் வருவதை அறிந்த பிள்ளைக்கு ஒலிகளைக் கூட்டுவது புது வித்தை இல்லை. தமிழில் மெய்யும் உயிரும் கலந்து ஒரே எழுத்தாகிவிடும், ஆங்கிலத்தில் அவை தனித்தனியாகப் பக்கத்தில் நிற்கும். இதைப் பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும், விளங்கிக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பீ (p) எழுத்துக்கு 'இப்' என்றும் சொல்லக்கூடாது, 'பு' என்றும் சொல்லக்கூடாது. உதட்டை மூடித் திறக்கும் அந்த 'ப்' மட்டும்தான்.

எந்த எழுத்தில் தொடங்குவது? இங்கிலாந்தில் 2006இல் வந்த ஜிம் ரோஸ் அறிக்கை, வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒலிகளை முறையாகக் கற்பிக்கச் சொன்னது. அப்படிக் கற்பிக்கும் பல பாடத்திட்டங்கள் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறில் தொடங்குகின்றன. இந்த ஆறே போதும், பல சின்னச் சொற்கள் வந்துவிடும். முதல் சொல்லாக 'ரின்' (tin) எழுதுங்கள். ரின் மீன் தெரியாத பிள்ளை சாம்பல்தீவில் இருக்காது. ஓசையைக் கூட்டியதும் தனக்குத் தெரிந்த சொல் ஒன்று வெளியே வருகிறது பாருங்கள், அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்துத் தாச்சிக்கான ஆங்கிலச் சொல்லை (pan) எழுதினால் 'பாண்' என்று வாசிப்பார்கள். பாண் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், ஆங்கிலம் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த உயிர் ஒலியைப் பழக்குங்கள். அ என்றும் ஏ என்றும் சொல்ல முடியாத அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. சிங்களத்தில் தனி எழுத்தே உண்டு. திருகோணமலைச் சந்தையில் சிங்களவர் 'இல்லை' என்று சொல்வதைக் கேட்காத பிள்ளை யார்? அதில் வருவது இந்த ஒலிதான். நம் ஊரில் மூன்று மொழி காதில் விழுவது எவ்வளவு பெரிய உதவி!

மேலே எழுதிய தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். அதைப் பலவந்தமாக அழிக்க வேண்டாம். பழைய பாடங்கள் அப்படியே கிடக்கட்டும், புதுச் சொற்களுக்கு மட்டும் எழுத விடாதீர்கள். 'பின்' என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத் தொட்டியா? தமிழுக்கு இரண்டுக்கும் ஒரே ப. 'ரென்' என்று எழுதிப் பழகிய பிள்ளை பத்து என்ற எண்ணை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஆர் போடுகிறது. ஆங்கில ரீ (t) ஓசைக்கு ர போட்டு ரீச்சர், ரொபி, ரயர் என்று எழுதுபவர்கள் நாம் அல்லவா? இதைப் பிள்ளைகளிடமே காட்டுங்கள், தாமாகவே விட்டுவிடுவார்கள்.

எழுதுவதை வாசிப்புக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கு வாசித்த சொல்லை அன்றைக்கே, ஓசையை வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும். சொல்வதெழுதுதலும் கற்ற எழுத்துகளுக்குள் மட்டும் இருக்கட்டும். சின்ன பீயும் (b) சின்ன டீயும் (d) மாறிப்போவது எல்லாப் பிள்ளைக்கும் வருவது. டீயை சீ போல வளைத்துத் தொடங்கச் சொல்லுங்கள், பீயை மேலிருந்து கோடு இழுத்துத் தொடங்கச் சொல்லுங்கள். கை வேறுபாட்டைப் பழகிவிட்டால் கண்ணும் பழகும். ஓசைக்கு அடங்காத சொற்களும் பாடநூலில் நிறைய வரும், அவற்றை முழுச் சொல்லாகவே கிழமைக்கு இரண்டு மூன்று காட்டினால் சரி.

இன்னொன்று. இங்கிலாந்துப் பிள்ளைக்குச் சொல்லின் ஓசை வந்ததும் பொருளும் கூடவே வரும், வீட்டில் கேட்ட மொழி. நம் பிள்ளைக்கு அப்படி இல்லை. நம் பாடத்திட்டம் தரம் 1, 2இல் ஆங்கிலத்தை வாய்ப்பேச்சாக வைத்து, தரம் 3இல்தான் பாடமாகத் தொடங்குவதும் அதற்காகத்தான். வாசிக்கும் முன் பொருளைக் கையில் கொடுங்கள். வலை, தோணி, மீன் எல்லாம் உங்கள் முற்றத்துக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கின்றன? வலையைத் தொட்டு, அதன் ஆங்கிலப் பெயரை நாலு தரம் வாயால் சொன்ன பிறகு எழுத்தைக் காட்டுங்கள்.

பெற்றோரோடு வாதாட வேண்டாம். இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் அவர்களை அழைத்து உட்காரவையுங்கள். பாடநூலில் இல்லாத, பிள்ளை முன்பு பார்த்தேயிராத ஒரு சின்னச் சொல்லைப் பலகையில் எழுதுங்கள். பிறகு நீங்கள் ஒன்றும் பேசாமல் பிள்ளையை வாசிக்க விடுங்கள்.