பழைய பெற்றோல் காரை ஐதரசனில் ஓட்டலாமா? தண்ணீரில் இருந்து ஐதரசன் எடுத்து எஞ்சினுக்குக் கொடுப்பதாகச் சொல்லி விற்கும் தண்ணீர் கிட் பூட்டினால் பெற்றோல் மிச்சமாகுமா?

முதல் கேள்விக்கு ஓம், ஓடும். இரண்டாவதற்கு இல்லை. அந்தக் கிட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஐதரசனை எஞ்சினில் எரிப்பது பழைய விசயம். 1807இலேயே பிரான்சுவா ஐசாக் டி றிவாஸ் என்பவர் ஐதரசனை மின்பொறியால் பற்றவைக்கும் எஞ்சினைச் செய்துவிட்டார். 2021இல் டொயோட்டா அப்படியொரு எஞ்சின் பூட்டிய கொரோலா காரை ஜப்பானின் ஃபுஜி பந்தயத் திடலில் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டியது. எரிபொருளை மாற்றி ஓடுவது யாழ்ப்பாணத்துக்கும் புதிதில்லை. போரின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். புகை கண்ணை எரிக்கும், ஆனாலும் வண்டி போகும்.

ஆனால் மண்ணெண்ணெயைப் போத்தலில் வைக்கலாம், ஐதரசனை அப்படி வைக்க முடியாது. ஒரு கிலோ ஐதரசனில் ஏறக்குறைய மூன்றே முக்கால் லீற்றர் பெற்றோலின் சக்தி இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ 11,000 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் டொயோட்டா மிராய் என்ற ஐதரசன் காரில் 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரண காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கில், அடைக்கிறார்கள். பிஎம்டபிள்யூ மைனஸ் 253 பாகையில் திரவமாக்கி ஒரு காரில் வைத்துப் பார்த்தது. காரை நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் தாங்கியில் இருப்பது ஆவியாகிப் போய்விடும்.

எஞ்சினிலும் வேலை இருக்கிறது. காற்றில் 4 வீதம் கலந்தாலே ஐதரசன் பற்றும், அதுவும் மிகச் சிறிய பொறியில். பிளக் முனை கொதித்திருந்தால் போதும், வால்வு மூடுமுன்பே தீப்பிடித்து காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் திருப்பி அடிக்கும். காற்றோடு சேர்த்து உள்ளே விட்டால் வாயுவே சிலிண்டரின் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இழுவையும் குறையும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேண்டும். சூடு கூடினால் நைதரசன் ஒட்சைட்டுகளும் வரும். ஆகவே புகையே வராது என்பதும் முழு உண்மையில்லை.

சரி, தண்ணீர் கிட். காரின் பற்றரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்கே கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒல்டர்னேற்றர் என்ற மின்பிறப்பாக்கியில் இருந்து. அதைச் சுற்றுவது யார்? அதே எஞ்சின். தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். டைனமோவைச் சில்லில் சாய்த்தவுடன் பெடல் கனக்கும். அந்தக் கனத்தைக் காரில் பெற்றோல்தான் சுமக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சக்தி வீணாகிறது, திரும்பி வருவது போட்டதில் சிறு பங்குதான்.

கூரையில் சோலார் இருக்கிறதே, அதில் ஐதரசன் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிலோ எடுக்க 50 யூனிற்றுக்கு மேல் போகும். அதை எரித்து ஒரு சாதாரண கார் 45 கிலோமீற்றர் போனால் பெரிது. அதே 50 யூனிற்றை நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றுக்கு ஏற்றினால் 300 கிலோமீற்றர் அளவில் ஓடலாம். பற்றரியால் இழுக்க முடியாத கப்பலுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் ஐதரசனை விடுவதே நியாயம் என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே கிட் பூட்டிவிட்டீர்கள் என்றால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கழற்றுங்கள். அதில் வருவது ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த வாயு, ஒரு பொறியில் வெடிக்கும். அதைப் போத்தலிலோ சிலிண்டரிலோ சேர்த்துவைக்க யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.