மாரிஸ் மைனரின் தோல் இருக்கை: எதை மாற்றுவது, எதை விடுவது?

"அப்பப்பாவின் 1958 மாரிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. முன் சீட்டுகளின் சிவப்புத் தோல் வெடித்துவிட்டது, ஓட்டுநர் பக்கம் தையலும் விட்டுவிட்டது. முழுவதையும் கழற்றிப் புதுத்தோல் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள். தையல் விட்ட இடத்தில் தோலின் ஓரத்தை விரலால் மடித்துப் பாருங்கள். மடிந்து மீண்டும் நிமிர்ந்தால் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, இற்றது நூல் மட்டுமே. பழைய ஓட்டைகளிலேயே ஊசியைக் கோத்துக் கையால் தைத்துவிடலாம். மடித்த இடம் அப்பளமாக ஒடிந்து, உட்புறம் தூளாக உதிர்ந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். எந்த எண்ணெயும் அதை மீட்காது. குறிப்பாகத் தேங்காயெண்ணெய் பக்கமே போகாதீர்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

அடுத்தது செலவு. அக்கால பிரிட்டிஷ் கார்களில் உடம்பு படும் பரப்பு மட்டும் தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருப்பது சாதாரணம். உங்கள் வண்டியும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முழு சீட்டுக்கும் தோல் கணக்குப் போட்டு யாராவது விலை சொன்னால், எந்தத் துண்டு தோல், எந்தத் துண்டு ரெக்சின் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

குஷன் கடைக்காரர்கள் வழக்கமாகச் சறுக்குவது அளவெடுப்பதில். அறுபது வருடம் ஆள் உட்கார்ந்த தோல் நடுவில் இழுபட்டுப் போயிருக்கும். அதை அப்படியே விரித்து வெட்டினால் புது உறையும் முதல் நாளே தொளதொளக்கும். ஓட்டுநர் சீட்டை விட்டுவிட்டு, குறைவாகத் தேய்ந்த பக்கத்து சீட்டிலிருந்து அட்டையில் அளவெடுத்து, அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் சாக்கட்டியால் எண் போட்டுப் படம் எடுங்கள். ஒரு சீட் முடியும்வரை மற்றதில் கை வைக்க வேண்டாம். ஏதாவது மறந்துபோனால் பார்த்துக்கொள்ள அதுதான் இருக்கிறது.

தோல் 1 முதல் 1.2 மி.மீ. தடிமன் போதும். உட்காரும் இடத்துக்கு விலங்கின் முதுகுப் பகுதியை ஒதுக்குங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும் என்பதால் அதைக் கண்ணில் படாத ஓரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டில் கால்வாசி வரை வீணாகும், அதையும் சேர்த்து வாங்குங்கள். தையல் 3.5 முதல் 4 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகத் துளை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். துணி என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. அதனால் முதலில் மலிவான ரெக்சினில் ஒரு மாதிரி உறை தைத்து, சீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தோலில் கை வைக்கச் சொல்வேன். இதற்குத் தையல்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

உறைக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். ஃபோமும் ஸ்பிரிங்கும் இறங்கியிருக்கும்போது மேல்தோலை மட்டும் மாற்றினால், மடிப்பு விழுந்த அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். சட்டத்தில் துருவைச் சுரண்டி வண்ணம் அடிக்கவும் இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது.

நிறத்தைப் பைப்பிங்கின், அதாவது தையலோரமாக ஓடும் உருண்டை விளிம்பின், மடிப்புக்குள் பாருங்கள், வெயில் படாத அசல் சிவப்பு அங்கேதான் இருக்கும். ஆனால் அந்த நிறத்தில் புதுத்துண்டு போட்டால், பக்கத்தில் வெளுத்த பழைய தோல் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பழைய துண்டுகளுக்கும் தோல்சாயம் பூசிச் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

மாட்டும் நாளில் உறையை அரைமணி நேரம் இளவெயிலில் போடுங்கள், தோல் இளகும். ஃபோமின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறகு தாளை மறக்காமல் உருவிவிடுங்கள், உள்ளே கிடந்தால் ஈரம் தங்கும்.